கண்மாய்த் துணியில் காலியாக நின்ற மூலை

கீரனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நான் தையல்கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் வீட்டு முன்னறையில் ஒரு மெஷின், ஒரு கட்டில், இழுத்துச் சாத்தினாலும் தானே திறந்துகொள்ளும் ஒரு பீரோ. அளவு எழுதுகிற நோட்டின் முன்பக்கத்தில் மார்பு, கை, கழுத்து எழுதுவேன். பின்பக்கத்தில், அளவு கொடுக்க வந்தவர்கள் பேசிவிட்டுப் போனதை எழுதுவேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்த ஒரு பெண், "கையை மட்டும் லூசா வைங்கக்கா, மாமியா வீட்டுக்குப் போறேன், வேலை நெறையக் கெடக்கும்" என்றாள். இப்படிப்பட்டதை எழுதி வைக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் கடை வாசலில் தொங்கிய திரை. மேற்கு வெயிலுக்கு மறைப்பாக, வெட்டித் தள்ளிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. எங்கள் கண்மாய், நாலு கொக்கு, ஒரு கருவேலமரம், அவ்வளவுதான். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க வந்த டீச்சர் ஒருவர் அதைப் படம் எடுத்து இணையத்தில் எங்கேயோ போட்டார். பத்து நாள் கழித்து அவரே திரும்பி வந்து, கேரளத்துக் கடற்கரையில் இருக்கிற ஒரு ஓவியப் பெண் என்னைத் தேடுகிறார் என்றார். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

தப்பு இல்லையாம். தண்ணீர், மண், குப்பை, மனிதர்கள் இவற்றை வைத்துக் கலை செய்கிற ஒன்பது பேர் சனிக்கிழமை சாயங்காலங்களில் போனில் கூடிப் பேசுகிறார்களாம். நானும் சேர வேண்டுமாம். டீச்சர் என் போனில் எதையோ இறக்கி, எதையோ அமுக்கிக் கொடுத்தார். திரையில் ஒன்பது முகங்கள் கட்டம் கட்டமாக வந்து நின்றன. என் வீட்டுக்காரர் மினிபஸ் ஓட்டுகிறவர், வழியில் எல்லா ஊர் ஃப்ளெக்ஸையும் பார்த்துப் பழகியவர். எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாரு வீட்டுக் காதுகுத்து? தாய்மாமன் யாரு இதுல?"

கூட்டத்தில் பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கும் அதற்கும் ஆகாது. நல்ல வேளையாக அந்தக் கட்டங்களில் ஒன்றில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பனங்கொட்டைகளை வைத்து ஏதோ செய்கிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் பேசுவதை அவர்களுக்கும், அவர்கள் பேசுவதை எனக்கும் சொல்ல அவளே முன்வந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன்.

ஒவ்வொருவரும் தாங்கள் செய்வதைக் காட்டினார்கள். கேரளத்துப் பெண், கடல் கொண்டுபோன வீடுகளின் வாசல்களை மணலில் வரைகிறார். அலை வந்து அழித்ததும் மறுபடி வரைகிறார். அஸ்ஸாமில் ஒருவர் ஆற்றங்கரையில் மூங்கில் நட்டுவைத்து, ஆறு அதைப் பிடுங்கிக்கொண்டு போகிற வரைக்கும் தினமும் படம் எடுக்கிறார். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் வேலி போய்விட்டது என்று அழுவார்கள், நீங்கள் படம் எடுக்கிறீர்கள் என்றேன். தங்கச்சி அதைச் சொன்னதும் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

"எங்க தொழில்ல குப்பைன்னு ஒன்னும் கெடையாதுன்னு சொல்லு தங்கச்சி. விரக்கடை அகலத் துணிகூட வெளிய போகாது. எல்லாத்தையும் ஒட்டுப்போட்டுருவோம்."

ஒன்பது கட்டங்களிலும் கை தட்டினார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இருமினார்.

அவர் இருமியதற்குக் காரணம் உண்டு. வாரத்துக்கு ஒரு மூட்டை வெட்டுத் துணி என் கடையிலிருந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. ஊரே குப்பை போடுகிற இடத்துக்கு, அதாவது கண்மாயின் வடமேற்கு மூலைக்கு. வாயு மூலை என்பார்கள். பேருக்கு ஏற்ற மாதிரி அங்கிருந்து காற்று கிளம்பினால் நேராக அடிப்பது என் ஓரகத்தி வீட்டில். என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மூலையை ஒட்டி இருக்கிற ஒரே வீடு அவளுடையதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் என் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, நான் கோலம் போட்டுக் கை கழுவுவதற்குள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் தம்பி பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் போய் வரும். நாங்கள் இருவர் மட்டும் இல்லை.

பேச்சு இல்லை என்றால் மௌனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சாடை பேசுவது என்று ஒன்று உண்டு. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் தன் ஆட்டிடம் சொல்வாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் குடத்திடம் சொல்வேன். ஆடும் குடமும் நாலு வருஷமாக எங்கள் சண்டையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

கார்த்திகை மழை முடிந்து கண்மாயில் அரைத் தண்ணீர் நின்றது. அந்தச் சமயம் குழுவில் ஒரு யோசனை வந்தது. அவரவர் ஊர்த் தண்ணீரைப் பற்றி, அவரவர் ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒன்று செய்து, ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எல்லாருக்கும் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்தது துணி. கண்மாய் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் பெரிய துணி ஒன்று, வீட்டுக்கு ஒரு துண்டு வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைப்பது. அன்று கரையில் ஊரே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரிப்பது.

துண்டு வாங்குவது சுலபம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

முதல் வீட்டிலேயே பிரித்துக்கூடப் பார்க்காத புதுத் துண்டை நீட்டினார்கள். பழசுதான் வேண்டும் என்றேன். "வெளிநாட்டுக்காரன் பாப்பான்னு சொல்ற. கிழிசலக் குடுத்தா நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நெனப்பான்?" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, பாதிப்பேர் நம் நாடுதான் என்றேன். "நம்ம நாட்டுக்காரன் இன்னும் மோசமாப் பேசுவான்" என்று கதவைச் சாத்திவிட்டார். புதுத் துண்டோடுதான் திரும்பினேன்.

டீக்கடைக்காரர் தன் லுங்கியில் ஒரு சாண் கிழித்துக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கலிங்கு இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். கண்மாய் நிரம்பித் தண்ணீர் வழிகிற இடம் அது. "ஊரே அங்கதான் வந்து நிக்கும். நம்ம லுங்கி நாலு பேரு கண்ணுல படணும்ல."

பிறகு பங்காளிகள் இருவர். வாய்க்கால் தகராறில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். தனித்தனியாகக் கடைக்கு வந்தார்கள், சொல்லி வைத்த மாதிரி ஒரே பேச்சைப் பேசினார்கள். "துண்டு தாரேன். ஆனா எந் துண்டு அவன் துண்டத் தொடக்கூடாது."

"நடுவுல எத்தன துண்டு இருக்கணும்ணே?"

"மூணாவது இருக்கணும். அதுல ஒன்னு சம்மந்தகாரங்க துண்டா இருந்தா நல்லது. இங்கிட்டும் பேசுவாக, அங்கிட்டும் பேசுவாக."

இப்படியே போனது. மாமியார் துண்டு பக்கத்தில் வேண்டாம் என்று மருமகளும், மருமகள் துண்டு கண்ணெதிரே இருக்கட்டும் என்று மாமியாரும் சொன்னார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு ஆள் உட்கார வைப்பதைவிட இது கஷ்டமாக இருந்தது. பந்தியில் கோபித்துக்கொண்டால் எழுந்து போய்விடுவார்கள். துணியில் ஒருவரைத் தைத்துவிட்டால் எழுந்து போக முடியாது, அந்தப் பயம் எல்லாருக்கும். ஒரு பெரிய தாளில் கண்மாயை வரைந்து, பெயர் எழுதி, அடித்து, மாற்றி எழுதினேன். மெஷினில் உட்கார்ந்த நேரத்தைவிடத் தாளோடு உட்கார்ந்த நேரம் அதிகம்.

மடைதான் நல்ல இடம். வயலுக்குத் தண்ணீர் போகிற வாய். அதை யாருக்குக் கொடுத்தாலும் சண்டை என்பதால் நானே எடுத்துக்கொண்டேன். ஊர் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் நீலச் சட்டையை வெட்டி அங்கே தைத்தேன்.

கடைசியில் எல்லாத் துண்டும் இடம் பிடித்துவிட்டது. வாயு மூலை மட்டும் காலி.

யாரைக் கேட்டாலும் வேண்டாம் என்றார்கள். "குப்பை மேட்டுல எங்க வீட்டுத் துணியா? நாங்க என்னத்தக் கொட்டினோம்?" கொட்டாத வீடு ஒன்றுகூட ஊரில் கிடையாது. ஆனால் துணியில் மட்டும் அந்த மூலை யாருடையதும் இல்லை. ஓரகத்தி வீட்டுக்கு நான் போகவில்லை. அவள் வீடு அங்கேதான் இருக்கிறது, அவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நான் குழாயடியில் குடம் வைத்திருந்தபோது அவள் ஆட்டிடம் சொல்வது காதில் விழுந்தது.

"ஊருக்கெல்லாம் வீடு வீடாப் போயித் துணி கேட்டாகளாம்டி. நம்மகிட்டக் கேக்கலன்னு வருத்தப்படாத. நமக்குத்தான் மூட்டையாவே வருதுல்ல."

குடத்திடம் சொல்ல அன்று எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை குழுவில் ஒத்திகை பார்த்தார்கள். துணியைக் கட்டிலின் மேல் விரித்துக் காட்டினேன். அந்த மூலையில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கட்டில் தெரிந்தது. என்ன சொல்வார்களோ என்று கூச்சமாக இருந்தது. அவர்களோ மற்ற எதையும் விட்டுவிட்டு அந்த ஓட்டையைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். அஸ்ஸாம்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அக்கா," என்றாள் தங்கச்சி, "எல்லாருக்கும் அந்த வெறுமை நல்லாப் பிடிச்சிருக்காம். அதைப் பற்றி உங்களைக் கொஞ்சம் கதைக்கச் சொல்லிக் கேக்கினம். தெரிஞ்சுதான் விட்டனீங்களோ?"

"ஆமா, வேணும்னேதான் விட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் இந்தத் தடவை இருமவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கே கரையில் ஆள் கூடிவிட்டது. பெண்கள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். பங்காளிகள் இருவரும் துணியின் இரண்டு எதிர்ப்பக்கங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். போனைப் பிடிக்கிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. ஸ்டியரிங் பிடித்த கை, போனையும் இரண்டு கையால்தான் பிடித்தது. துணியை விரித்தோம். காற்றில் அது ஒரு தடவை உப்பி அடங்கியதும், நிஜத் தண்ணீருக்கு மேலே துணித் தண்ணீர் நின்ற மாதிரி இருந்தது. போனுக்குள்ளிருந்து ஆகா ஓகோ என்று சத்தம் வந்தது.

அப்போதுதான் கரையேறி அவள் வந்தாள். தலையில் ஒரு மூட்டை.

நேராக வந்து எனக்கு ஒரு கை தூரத்தில் மூட்டையை இறக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டையும் கூட்டி வரவில்லை. சுற்றிப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அதன் முன்னால் போய் நின்றாள்.

"யாரும்மா அதுல?"

"நான் யாழ்ப்பாணம், அக்கா."

"சாப்பிட்டீங்களா?"

"ஓம் அக்கா, சாப்பிட்டன்."

"சரி. அவுகள்ட்ட ஒன்னு கேட்டுச் சொல்லுங்க. இந்த மூட்டை யாரோடதுன்னு."

தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அது யாரின்ர மூட்டை எண்டு கேக்கிறா."

"கேட்டுச்சுன்னு சொல்லு தங்கச்சி. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"அவ பக்கத்திலதான் நிக்கிறாவாம், அக்கா."

"தெரியுது. நாலு வருஷமா அங்கனதான் நிக்கிறாக. பதில் மட்டும் வரமாட்டேங்குது."

ஒரு கை தூரத்தில் நிற்கிற இரண்டு பேர், கடலைத் தாண்டி இருக்கிற ஒருத்தி வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம். தமிழிலிருந்து தமிழுக்கு அவள் மாற்றிக்கொண்டிருந்தாள், நடுநடுவே அவர்களுக்கு இங்கிலீஷிலும்.

"ஊரு குப்பைல எம் மூட்டைன்னு எப்படித் தெரியும்னு கேளு" என்றேன். நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவள் மூட்டையை அவிழ்த்துக் கரையில் கொட்டினாள். சிவப்பும் பச்சையுமாக லைனிங் துணி, பாலியஸ்டர் நறுக்கு, நடுவில் ஊசி குத்திய சின்னச் சீட்டுகள். துணி மாறிவிடாமல் இருக்க, அளவு எழுதி நான் குத்துகிற சீட்டுகள். என் கையெழுத்து. அவள் ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"தண்ணி டேங்க் வீட்டு அக்கா. இடுப்பு நாப்பத்திரெண்டு."

துணியின் வடக்குப் பக்கத்தைப் பிடித்திருந்த தண்ணி டேங்க் வீட்டு அக்காவின் கை தளர்ந்தது. "ஏன்டி, அதை எதுக்குடி நாடு பூராச் சொல்ற?"

"நான் சொல்லலக்கா, சீட்டு சொல்லுது. இது யாரு, டீக்கடை வீடு. கை சுத்தளவு பதினாறு."

"மேல வாசிக்காத தாயி" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. சிரிப்பில் துணி குலுங்கியது. போனுக்குள்ளும் ஏதோ சலசலப்பு.

"அக்கா," என்றாள் தங்கச்சி, "நாப்பத்திரண்டு எண்டது தண்ணியின்ர ஆழமோ எண்டு அஸ்ஸாமிலயிருந்து கேக்கினம்."

தண்ணி டேங்க் வீட்டு அக்காவே, "ஆழம்தான்னு சொல்லிரு" என்றார்.

"சரி அக்கா. எல்லாரும் கை தட்டுகினம். நாடகம் நல்லா இருக்காம். முதலே சொல்லேல்லையே எண்டு என்னை ஏசினம்."

ஓரகத்தியின் முகம் மாறியது. "நாடகமா?" என்றாள். குரல் தணிந்துதான் வந்தது. "இல்லம்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட சினையா ஒரு ஆடு இருந்துச்சு. ரெண்டு நாளா வயிறு உப்பிக் கெடந்து செத்துப் போச்சு. கிழிச்சுப் பாத்தா உள்ள இந்தத் துணிதான். உருட்டி வச்ச மாதிரி. அதுலயும் ஒரு சீட்டு இருந்துச்சு. அதச் சொல்லத்தான் அன்னைக்கு மூட்டையத் தூக்கிட்டுப் போனேன். வாசல்ல வச்சதும் அழுகை வந்துருச்சு, சொல்லாம வந்துட்டேன்."

ஆடு செத்தது எனக்குத் தெரியும். ஆடு எதைத்தான் தின்னாது என்று அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து சொன்னதும் நான்தான். சீட்டு இருந்தது மட்டும் தெரியாது.

தங்கச்சி இங்கிலீஷுக்கு மாற்றவில்லை. "அக்கா, இதை நான் அவைக்குச் சொல்லட்டோ?" என்றாள். அவள் கேட்டது என்னை.

துணியைப் பிடித்திருந்த ஊரே என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் போனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சொல்லு தங்கச்சி. மொத நாளு குப்பையே கெடையாதுன்னு நான் சொன்னது பொய்யின்னும் சொல்லு. அந்த ஓட்டையும் வேணும்னு விட்டதில்ல. குப்பை கொட்டுற எடம், யாரும் துண்டு தரல. அதையும் சொல்லிரு."

அவள் சொன்னாள். கட்டங்களிலிருந்து எல்லாரும் எழுந்து போகப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கேரளத்துப் பெண் முதலில் பேசினார். கலர் கழுவுகிற தண்ணீரை அவர் கடலில்தான் ஊற்றுகிறாராம். அடுத்து அஸ்ஸாம்காரர், மூங்கில் கட்டிய நைலான் கயிறு எல்லாம் ஆற்றோடுதான் போகிறது என்றார். ஒவ்வொரு கட்டமாக ஆரம்பித்தது. தங்கச்சிக்கு மூச்சு விட நேரமில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "இதுக்குத்தான் சொன்னேன், புதுத் துண்டா குடுக்கணும்னு. இவுகளும் நம்மள மாதிரிதான்" என்றார். என்ன கணக்கில் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓரகத்தி மறுபடி போனின் முன்னால் வந்தாள். "அப்ப அந்த மூலைக்கு என்ன வைக்கப் போறாகன்னு கேளுங்க."

"என்ன வைக்கணும்னு அவளையே சொல்லச் சொல்லு" என்றேன்.

"மடைல நீலமா ஒன்னு இருக்குல்ல. அதப் பிரிச்சு இங்க வைக்கச் சொல்லுங்க. யாரு எடமோ அவுக துணிதான அங்க இருக்கணும்."

"அது என் சட்டை" என்றார் வீட்டுக்காரர். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

கத்தரி இடுப்பில்தான் இருந்தது. கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியை மடியில் இழுத்துப் போட்டு, நீலத் துண்டைச் சுற்றித் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அது அடுத்தவர் துண்டு என்றால் பெரிய தையலாகப் போட்டிருப்பேன். என் துண்டு என்று நெருக்கி நெருக்கி ஓட்டியிருந்தேன். மடை காலியாவது தெரிந்ததும் பங்காளிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், அந்த இடம் தனக்குத்தான் என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஓரகத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நெருக்கமா ஓட்டியிருக்காக பாருங்கம்மா" என்றாள் போனிடம். "ஊரு ப்ளவுஸெல்லாம் அக்குள்ல பிரியுது. இது பிரியமாட்டேங்குது."

"பிளேடு இருந்தா சீக்கிரம் பிரியும்னு சொல்லு" என்றேன் போனிடம்.

"வீட்டுல இருக்கு. எடுத்தாரவான்னு கேளுங்க."

"வேணாம், முக்கால்வாசி முடிஞ்சுருச்சுன்னு சொல்லு. அந்த ஆடு எந்த மாசம் செத்துச்சுன்னு கேளு."

"பங்குனி. குட்டி ரெண்டு இருந்துச்சு வயித்துல."

நான் கத்தரியை வைத்துவிட்டேன். "தப்புதான்னு சொல்லு தங்கச்சி."

போனிலிருந்து சத்தமே வரவில்லை. ஓரகத்தி போனைப் பார்த்தாள். "ஏம்மா, அவுக சொன்னதச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் போனை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது.

"சார்ஜ் எறங்கிருச்சு" என்றார். "பிளேடுப் பேச்சுக்கு முன்னாடியே."

"அப்ப ஏங்க இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றேன்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீகல்ல. எதுக்குக் கெடுப்பானேன்னு."

ஓரகத்தி கறுப்புத் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணுக்கு நேரே பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டதால் இருவருக்குமே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு மூட்டை வருமா அக்கா?"

"வராது."

"எங்க வைப்பீக அப்ப?"

"கட்டிலுக்கு அடில கெடக்கட்டும். அப்பறம் யோசிப்போம்."

"கட்டிலு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எனக்கு எதிரே குத்த வைத்து, வாயு மூலையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"மொதல்ல இதத் தைங்க. வெளிச்சம் போகுது."